ஒரு பல் தள்ளி

எலியாஸுக்குக் கேட்காமல் போன முதல் சத்தம் எது என்று அவருக்கே தெரியாது. கேட்காத சத்தம் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் எப்சி, "அப்பா, இண்டிகேட்டர் போட்டுட்டே வர்றீங்க. டிக்டிக்னு கத்துதே, கேக்கல?" என்றாள். அப்படி ஒரு சத்தம் வண்டிகளில் உண்டு என்பதையே தாம் மறந்துபோயிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "கேக்குது, கேக்குது" என்று சொல்லி அணைத்தார். அதன்பிறகு அந்தச் சின்னப் பொய்யை அடிக்கடி சொல்லவேண்டி வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர் அவர். ஈரத்தோலைச் சீவிக் கனம் குறைக்கும் ஷேவிங் மிஷின்கள் வரிசையாக ஓடும் கூடத்தில்தான் இளமை முழுவதும் கழிந்தது. பிளேடு உருளை தோலில் படும்போது எழும் கிறீச்சிடல் பல்லுக்குள் இறங்கும். காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். ஆனால் மிஷினுக்குள் எது தேய்கிறது என்று காதால் தேடுகிற பிட்டருக்குப் பஞ்சு ஒரு தொல்லை. சட்டைப் பையிலேயே கிடக்கும். அந்த ஷாப்பை மூடியபிறகு, பைபாஸுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு தகரக் கூரையைப் போட்டு கார் ஒர்க்‌ஷாப் வைத்தார். வேலை சுத்தமாக இருந்ததால் ஆட்கள் தேடி வந்தார்கள்.

கனமான சத்தங்கள் அவருக்கு இன்றும் நன்றாகவே கேட்கும். லாரி ஹார்ன், கதவைத் தட்டுவது, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வரும் தடதடப்பு எல்லாம் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. மனைவி அக்சா பள்ளிக்கூட ஆசிரியை. காதைக் காட்டிவிட்டு வரலாம் என்று இரண்டொரு தடவை சொன்னாள். "வயசானா எல்லாருக்கும் அப்டித்தான்" என்று தட்டிக்கழித்தார். காது கேட்காத மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான் என்ற பயத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முனவ்வர் பேகத்தின் வேன் வந்தது.

முனவ்வர் பேகத்தை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அக்கா என்ற பொருளில் ஆப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷூ கம்பெனியிலிருந்து வெட்டிய தோல்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, சுற்றுக் கிராமங்களில் வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகம் தைத்துத் தரும் பெண்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். தைத்து முடித்ததைத் திரும்ப வாங்கி வந்து கம்பெனியில் சேர்ப்பார். நாயக்கனேரி மலையில்கூட அவருக்குத் தையல்காரப் பெண்கள் இருந்தார்கள். பழைய ஆம்னி வேன் ஒன்றை, புர்காவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, தானே ஓட்டுவார்.

"எலியாஸ் அண்ணா, வண்டி மேடு ஏறச்சொல்லோ ஒரு சத்தம் வருது. டப்பாவுல சில்லறைக் காசைப் போட்டு குலுக்குனாப்ல இருக்குது. இன்னான்னு பாருங்க."

எலியாஸ் வண்டியை எடுத்தார். ஆப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். மேம்பாலத்தில் ஏறினார்கள்.

"தோ... இப்ப கேக்குது பாருங்க."

எலியாஸ் தலையைச் சாய்த்துக் கவனித்தார். காற்று, டயர், எஞ்சினின் சாதாரண முணுமுணுப்பு. அதற்குமேல் ஒன்றுமில்லை. உள்ளே பேரிங் போயிருந்தால் அந்த அடி அவருக்குக் கட்டாயம் கேட்டிருக்கும். பாலத்தின் உச்சிக்குப் போகும்வரை கேட்பவர் போலவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"லேசாத்தான் இருக்குது ஆப்பா," என்றார் கடைசியில். "பெட்ரோல் சரியில்லாம இருக்கும். வேற பங்க்ல போட்டுப் பாருங்க. சரியாய்டும்."

ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார். டைமிங் லைட் வைத்து ஸ்பார்க் சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்த்தார். அதிலும் குறை இல்லை. ஆப்பா கிளம்பிப் போனார். வண்டி சந்து திரும்பும்வரை எலியாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் எப்போதிலிருந்து வருகிறது, அதற்கு முன் வண்டிக்கு என்ன வேலை நடந்தது என்று எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவேயில்லை. ஆப்பா சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது.

அடுத்த வாரம் வேன் மறுபடியும் வந்து நின்றது.

"பெட்ரோல் மாத்திப் பார்த்துட்டேன். போவல," என்றார் ஆப்பா. "டவுன்ல ஒரு கடையில காட்டுனேன். எஞ்சினை முழுசா இறக்கணும், சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும்ன்றாங்க. அத்தினி நாள் வண்டி இல்லன்னா தோல் எப்படி போவும்? மலையில பொண்ணுங்க வேலை இல்லாம உக்காந்துனு இருப்பாங்க. நீங்களே ஒரு தபா பாருங்க."

எலியாஸ் முன்சீட்டைத் தூக்கி, அதன் அடியிலிருந்த எஞ்சினுக்குள் குனிந்தார். வயர்களைத் தடவினார், கார்புரேட்டரைப் பார்த்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லியும் காதில் வாங்கத் தெரியாத டாக்டரைப் போல இருந்தது அவர் நிலைமை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து திரும்பியபோது, ஆப்பா அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எலியாஸின் போன்.

"இது அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு. உங்களுக்குப் பின்னாடி மேஜை மேலதான் இருந்துச்சு."

எலியாஸ் போனை வாங்கிக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க வூட்டுக்காரர் நசீர் அகமதும் ஷாப்லதான் இருந்தார், தோலைத் தேய்க்கிற பஃபிங் மிஷின்ல. குக்கர் விசில் கேக்காது. கொசு கத்துனா கேக்காது. கதவைத் தட்டுனா மட்டும் ஓடி வருவாரு. உங்களுக்கும் அந்த மாதிரிதானா?"

வெளியே ஒரு சரக்கு ரயில் போனது. அதன் சத்தம் முழுவதும் எலியாஸுக்குக் கேட்டது. அது கடந்து முடியும்வரை பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் ஆப்பா," என்றார். "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. கேட்ட மாதிரி சொல்லிட்டேன்."

எத்தனையோ வருஷமாகச் சுமந்ததை இப்படி ஒரு வரியில் இறக்கிவைக்க முடியும் என்று அவர் நினைத்ததில்லை. ஆப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்.

"அட, எனக்குத்தான் நல்லா கேக்குதே," என்றார் ஆப்பா. "என் காதை வச்சினு பாருங்க. உங்களுக்கு இன்னா தெரியணும், கேளுங்க."

எலியாஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆப்பாவை உட்காரச் சொன்னார். தானும் எதிரே உட்கார்ந்து, முதல் நாளே கேட்டிருக்கவேண்டியதை எல்லாம் கேட்கத் தொடங்கினார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"மழைக்காலத்துல. வேலூர் போய்ட்டு வரும்போது விரிஞ்சிபுரம் கிட்ட வண்டி நின்னுபோச்சு. பெல்ட் அறுந்துடுச்சின்னாங்க. ரோட்டோரத்துல ஒரு மெக்கானிக்கு வந்து புதுசு போட்டான். பாவம், கொட்டுற மழையில, டார்ச்சு வெளிச்சத்துல பண்ணான். அப்புறம் லைட்டெல்லாம் வச்சு செட்டிங் பார்த்துதான் அனுப்புனான். அதுக்குப் பிறகுதான் இது."

"இழுவை எப்டி கீது?"

"மெதுவா போனா நல்லாவே இழுக்குது. பைபாஸ்லதான் மூச்சு வாங்குது. முன்ன போன வேகம் போவல."

எலியாஸ் தலையசைத்தார். மனதுக்குள் ஒரு சந்தேகம் தலைகாட்டியது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைத் திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"வாங்க, மலைக்குப் போலாம். நான் ஓட்றேன். சத்தம் வரும்போது கையைத் தூக்குங்க. நின்னதும் இறக்கிடுங்க. பேச வேணாம்."

பின்னால் தோல்கட்டுகள் இருந்தன. பாரத்துக்குக் குறைவில்லை. நாயக்கனேரிப் பாதையில் முதல் ஏற்றம் தொடங்கியதுமே ஆப்பாவின் கை எழுந்தது. எலியாஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தார். கை இறங்கியது. மறுபடி அழுத்தினார். கை எழுந்தது. கியரைக் குறைத்து எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டபோது கை மடியிலேயே கிடந்தது. அதிக கியரில் எஞ்சின் திணறத் திணற ஏறியபோது கை கீழே இறங்கவேயில்லை.

எதிரே பஸ்ஸில் வந்த ஒருவர், எதற்காக இந்த அம்மா நம்மைப் பார்த்துக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலியாஸும் சிரித்தார்.

ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, ஸ்பார்க் பங்கீடு செய்யும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக விழும்படி திருப்பிவைத்தார். மறுபடி ஏறியபோது ஆப்பா கையைப் பாதிதான் தூக்கினார். சத்தம் பாதியாகியிருந்தது. ஆனால் வண்டியும் சோர்ந்துபோய்விட்டது. அப்படியானால் ஸ்பார்க்கில் தப்பில்லை. எஞ்சினுக்குள் வேறு எதுவோ தன் நேரத்துக்கு முந்திக்கொண்டு நடக்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்து எஞ்சினைச் சுழற்றினார். அந்த மீட்டரைப் பார்ப்பதற்குக் காது தேவையில்லை. மூன்றிலும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. புது எஞ்சின் காட்டவேண்டியதைவிட மேலே.

"நல்லதுதானே அண்ணா? ஜாஸ்தி காட்டுதே?"

"அதுதான் பேஜாரே. இந்த வண்டி ஓடுன ஓட்டத்துக்குக் கம்மியா காட்டணும். வயசானவர் இருபது வயசுக்காரன் மாதிரி மூச்சு இழுத்துக் காட்டுறாரு. நம்ப முடியுமா?"

உள்ளே கரி படிந்து இடம் குறைந்திருந்தாலும் இப்படிக் காட்டும். பிளக் ஓட்டை வழியாக விளக்கடித்துப் பார்த்தார். பிஸ்டன் தலைகள் ஓரளவு சுத்தமாகவே இருந்தன. இனி மீதி இருப்பது ஒன்றுதான். முன்பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார்.

வால்வுகளைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் காம்ஷாப்ட். அதைச் சுழற்றுவது கீழே இருக்கும் கிராங்க். இரண்டையும் பிணைப்பது ஒரு பல் வைத்த பெல்ட். பெல்ட்டை மாட்டும்போது இரண்டு சக்கரங்களிலும் உள்ள குறிகள் தத்தம் இடத்தில் நேராக நிற்கவேண்டும். எலியாஸ் ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றி, கீழே இருந்த குறியை நேருக்குக் கொண்டுவந்தார். பிறகு மேலே பார்த்தார். காம்ஷாப்ட் சக்கரத்தின் குறி தன் இடத்தைத் தாண்டி ஒரு பல் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"ஆப்பா, இங்க வாங்க. இந்தக் கோடு இங்க இருக்கணும். எங்க நிக்குது பாருங்க."

ஆப்பா குனிந்து பார்த்தார். "இத்தினியூண்டா?"

"இத்தினியூண்டுதான். இதனால வால்வு முந்தியே மூடிக்குது. உள்ள போன காத்தும் பெட்ரோலும் வெளிய வர வழியில்லாம அளவுக்கு மேல அழுந்துது. மேட்டுல பாரம் ஏறும்போது சூடு தாங்காம தானாவே வெடிக்குது. நீங்க கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான். அந்த மெக்கானிக்கு பெல்ட்டைத் தப்பா மாட்டிட்டு, ஸ்பார்க்கை மட்டும் லைட் வச்சு கரெக்டா திருப்பி வச்சுட்டான். அதனால வெளிய இருந்து பார்த்தா எல்லாம் சரியா தெரியுது. எஞ்சினை இறக்கவும் வேணாம், போரும் வேணாம்."

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையைத் தளர்த்தி, காம்ஷாப்ட்டை ஒரு பல் பின்னுக்குக் கொண்டுவந்து, பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். அவசரப்படவில்லை. கையாலேயே எஞ்சினை முழுச் சுற்றுகள் சுற்றி, குறிகள் மறுபடியும் நேராக வந்து நிற்கின்றனவா என்று பார்த்தபிறகே மூடியைப் போட்டார். காம்ஷாப்ட் நகர்ந்தால் ஸ்பார்க்கும் கூடவே நகரும். அதையும் லைட் வைத்துச் சரிசெய்தார். கேஜை வைத்துப் பார்த்தபோது முள் கிழவருக்குரிய இடத்துக்கு இறங்கியிருந்தது.

தோல்கட்டுகளை எப்படியும் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பதால் மறுபடி நாயக்கனேரிக்கே போனார்கள். இந்தத் தடவை எலியாஸின் கண் பாதையில் பாதியும் ஆப்பாவின் கையில் பாதியுமாக இருந்தது. முதல் ஏற்றத்தில் கை அசையவில்லை. அதிக கியரில் வேண்டுமென்றே திணற விட்டார். புர்காவின் மடிப்பில் அந்தக் கை அப்படியே கிடந்தது. அதிலிருந்த ஒற்றை வளையல்கூட நகரவில்லை. சத்தம் இல்லை என்பதை அவர் இதற்குமுன் இப்படிக் கண்ணால் பார்த்ததில்லை.

ஊருக்குள் போய் வண்டியை நிறுத்தியபோது வாசல்களில் ஒருவரும் இல்லை. எலியாஸ் ஹார்ன் அடித்தபிறகே பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இன்னா ஆப்பா, வண்டி வந்ததே தெரியல? கிணுகிணுன்னு கீழ வளைவுலயே கேக்குமே. அதைக் கேட்டுத்தான் ஊசியைக் கீழ வைப்போம்!" என்றாள். ஆப்பா எலியாஸைப் பார்த்தார். எலியாஸ் தோல்கட்டுகளை இறக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்சா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எலியாஸ் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அக்சா, எனக்குக் காது சரியா கேக்கல."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "தெரியுங்க."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. அக்சா அவரிடம் எதையும் சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வதில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து, அவர் முன்னால் நின்று, முகம் பார்த்துத்தான் பேசுவாள். அது அவளுடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எப்சியும் கொஞ்ச காலமாக அப்படித்தான் பேசுகிறாள். யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இத்தனை நாள் நடந்து நடந்து வந்து பேசினியா?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க நிக்கிறேன். இதுல இன்னா கஷ்டம்?" என்றாள் அக்சா. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்சாவோடு வேலூருக்குப் போய்க் காதைப் பரிசோதனை செய்துகொண்டார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் பட்டனை அழுத்தாமலே உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. இழந்தது திரும்பி வராது, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். காதுக்கு ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார்.

மிஷின் மாட்டிய முதல் வாரம் எலியாஸுக்குப் பெரும்பாடாக இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கசக்குவதுபோல் கேட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் கீழே விழுந்தால் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. எஞ்சின் ஓடும்போது கழற்றி டப்பாவில் வைத்தார், ஆட்கள் பேசும்போது மாட்டிக்கொண்டார். சத்தம் என்று சொல்லி வருகிறவர்களிடம், மெல்லிய சத்தம் தமக்குக் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கார்க்காரர் ஒருவர் அதைக் கேட்டதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க மனசு சுருங்கித்தான் இருந்தது. மற்றவர்கள் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அக்சாவையும் எப்சியையும் வீட்டில் விட்டுவிட்டு, முனவ்வர் ஆப்பாவின் வீட்டுக்குப் போனார். நசீர் அகமது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆப்பா டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் ஷாப்பைப் பற்றி, பாலாற்றில் இந்த வருஷம் வந்த தண்ணீரைப் பற்றி, தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நசீரின் பார்வை அவ்வப்போது எலியாஸின் காதுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"அதுல இன்னா கேக்குது?" என்றார் கடைசியில்.

"வேண்டாததுதான் பாய் ஜாஸ்தி கேக்குது. எங்க வூட்டு ஃபேன் இவ்ளோ கத்தும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

நசீர் சிரித்தார். கையை நீட்டினார். எலியாஸ் மிஷினைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். நசீர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை இருக்கிறதா என்று சோதிப்பவர்போல் கையை இரண்டு தடவை தூக்கி இறக்கினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முனவ்வர், வேலூருக்கு எந்த பஸ்ஸுல போனாங்களாம், கேட்டு வச்சுக்கோ."